மூன்றாம் எலி லீவரை அழுத்தவே மாட்டேங்குது, 12 நாளாச்சு

நிலாமுற்றம்
எல்லாருக்கும் வணக்கம். முதுகலை உளவியல் படிக்கிறேன். செய்முறைத் தாளுக்காக நாலு விஸ்டார் எலிகளைப் பழக்குகிறேன். நாலும் ஆண், வெள்ளை எலிகள். ஸ்கின்னர் பெட்டி பழைய மாடல்: ஒரு சுவரில் லீவர், அதற்கு வலப்பக்கம் தீனித் தட்டு, மேலே ஒரு சின்ன விளக்கு. ஷேப்பிங் செய்யும்போது (லீவரை அழுத்தப் படிப்படியாகப் பழக்கும்போது) நான் வெளியே உட்கார்ந்து கைச் சுவிட்சைத் தட்டினால் ஒரு பெல்லட் (தீனி உருண்டை) விழும், 45 மில்லிகிராம்.

ஒன்று, இரண்டு, நான்காம் எலிகள் ஐந்தே நாளில் பழகிவிட்டன. மூன்றாவது மட்டும் படுத்துகிறது. லீவர் வரைக்கும் போகும், மோந்து பார்க்கும், உடனே தலையை இடது பக்கம் திருப்பிக்கொள்ளும். திரும்ப வரும், மோக்கும், திருப்பும். அரை மணி நேரமும் இதேதான். முன்னங்காலைத் தூக்கி வைத்ததே இல்லை. ஆய்வுக்கூடத்தில் "அது மந்தம், வேற எலி கேளு" என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. வேறு என்ன செய்து பார்க்கலாம்?

கூண்டுக்காரன்
வேற எலி கேட்காதீங்கம்மா. இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். மந்தமான எலின்னு நான் நினைச்சதெல்லாம் கடைசியில என் கையிலயோ பெட்டியிலயோ இருந்த கோளாறாத்தான் முடிஞ்சிருக்கு.

நாலு கேள்வி. கட்டுப்பாடில்லாம தின்னப்போ அதோட எடை என்ன, இப்ப என்ன? அன்றாடத் தீனியை எப்ப போடறீங்க, பயிற்சிக்கு முன்னாடியா பின்னாடியா? மேகசின் பயிற்சி, அதான் பெல்லட் விழற சத்தம் கேட்டதும் தட்டுக்கு வரப் பழக்கறது, எத்தனை நாள் கொடுத்தீங்க? கடைசிக் கேள்விதான் முக்கியம்: எலி சரியா என்ன செய்யும்போது உங்க விரல் சுவிட்சைத் தட்டுது? ஞாபகத்துல இருந்து சொல்லாதீங்க. போனை ஒரு ஸ்டாண்டுல வச்சு எலியும் உங்க கையும் ஒரே சட்டத்துல வர்ற மாதிரி வீடியோ எடுங்க. வேகத்தைக் குறைச்சு ஓட்டிப் பாருங்க.

இரவுப்பணி
கூண்டுக்காரன் அண்ணன் கேட்டதோடு இன்னும் இரண்டு. பயிற்சி நடப்பது பகலிலா? எலிகள் இரவு உயிர்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அதைத் தூக்கிப் பெட்டியில் விட்டால், நம்மை நடு இராத்திரி எழுப்பிக் கணக்குப் போடச் சொன்ன மாதிரிதான். முடிந்தால் விளக்கு நேரத்தை மாற்றி வைத்து, அதன் இருட்டு நேரத்தில் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். சிவப்பு அதற்குச் சரியாகத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இரண்டாவது, சத்தம். எலியின் காதுக்கு நமக்குக் கேட்காத அலைவரிசையெல்லாம் கேட்கும். பெட்டிக்குப் பக்கத்தில் பழைய குழல்விளக்கு சோக்கோ மின்மாற்றியோ இருந்தால் நமக்கு அமைதியாக இருக்கும், அதற்கு இரைச்சலாக இருக்கலாம்.

என் சொந்தக் கருத்து: கையால் ஷேப்பிங் செய்வதே வேண்டாம். லீவரை நேரடியாகத் தீனிப் பெட்டியோடு இணைத்து, தண்ணீரும் வைத்து, ஓர் இரவு முழுக்க விடுங்கள். தற்செயலாக ஒரு முறை மிதிக்கும், பெல்லட் விழும், மறுபடி மிதிக்கும். பெரும்பாலான எலிகள் காலைக்குள் தானே கற்றுக்கொள்ளும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான்.

நிலாமுற்றம்
நன்றி அண்ணா, நன்றி இரவுப்பணி. கட்டுப்பாடில்லாமல் தின்றபோது 312 கிராம். இன்று காலை 281, அதாவது தொண்ணூறு சதவீதம். தீனி பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். மேகசின் பயிற்சி இரண்டு நாள், நாளுக்கு நாற்பது பெல்லட். பெல்லட் விழும் "டக்" சத்தம் கேட்டால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து தட்டில் மூக்கை விடுகிறது, அதில் குறையே இல்லை. பயிற்சி சாயங்காலம் ஆறு மணிக்கு.

வீடியோ எடுத்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

நிலாமுற்றம்
எடுத்துவிட்டேன். பார்த்ததிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறது.

முப்பது பெல்லட் கொடுத்திருக்கிறேன். கால் பங்கு வேகத்தில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். எலியின் மூக்கு லீவரைத் தொடுகிறது. எனக்கு அது "தொட்டது" என்று மண்டையில் ஏற ஒரு நொடி. அப்புறம் விரல் நகர்கிறது. மோட்டார் சுற்ற இன்னும் கொஞ்சம். "டக்" என்று விழும்போது அதன் தலை இடது பக்கம் திரும்பியாகிவிட்டது. முப்பதில் இருபத்திரண்டு தடவை அப்படி.

நான் லீவரை மோந்ததற்குக் கொடுப்பதாக நினைத்திருந்தேன். அது தலையைத் திருப்பியதற்கு வாங்கியிருக்கிறது. 12 நாளாக ஒரு தப்பும் இல்லாமல் நான் சொல்லிக் கொடுத்ததையே செய்திருக்கிறது. அதைப் போய் மந்தம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கூண்டுக்காரன்
அந்த வரியை அடிச்சுட்டு இன்னைக்குத் தேதி போட்டுத் திருத்தி எழுதுங்க. அதுவும் ஆய்வுக் குறிப்புதான்.

மத்த மூணும் ஏன் கத்துக்கிச்சுன்னா, அதுங்க லீவர் கிட்ட நின்னு நிதானமா மோந்திருக்கும். உங்க ஒரு நொடித் தாமதம் அங்க உறைக்கல. மூணாவது சுறுசுறுப்பான எலி. சட்டுனு வந்து சட்டுனு போகுது.

வலுவூட்டல், அதாவது தீனி மாதிரி பலன், எந்தச் செயல் மேல விழுதோ அதுதான் வளரும், நாம எதை மனசுல நினைச்சோம்ங்கிறது அதுக்குத் தெரியாது. அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் 1898லயே பூனைகளைப் புதிர்ப் பெட்டியில அடைச்சுக் காட்டினது இதுதான். தாழ்ப்பாளைத் தட்டினதும் கதவு திறந்தா, அந்தத் தட்டல் அடுத்த தடவை சீக்கிரம் வரும். பூனை தாழ்ப்பாளோட வேலையைப் புரிஞ்சுக்கிச்சுன்னு அவர் சொல்லல. பலன் கிடைச்ச அசைவு நிலைச்சுது, அவ்வளவுதான்.

சரி, இப்ப செய்ய வேண்டியது. நாளைக்கு லீவரை வெளிய எடுத்துட்டு ஒரே ஒரு தடவை மேகசின் பயிற்சி, இருபது பெல்லட் போதும். எலி தட்டுக்குப் பக்கத்துல இல்லாதப்போ, வேற வேற இடத்துல நிக்கும்போது கொடுங்க. தலை திருப்பினதுக்கு மட்டும் கொடுக்காதீங்க. மறுநாள் லீவரைப் போட்டுட்டு முதல் படியில இருந்து. மூக்கு லீவரைத் தொட்ட பிறகு தட்டாதீங்க, லீவரைப் பார்த்துக் கிளம்பும்போதே தட்டுங்க. நம்ம கைக்கும் மோட்டாருக்கும் ஆகிற நேரத்தை முன்கூட்டியே கழிச்சுக்கணும். கிரிக்கெட்ல பந்து மட்டைக்கு வந்த பிறகு மட்டையைத் தூக்கினா நடக்குமா?

ஒரு படியில ரொம்ப நேரம் நிக்க விடாதீங்க. அஞ்சாறு தடவை தடுமாறாம வந்துட்டா அடுத்ததைக் கேளுங்க: லீவர் பக்கம் திரும்பறது, ஓரடி வைக்கிறது, மூக்கு, அப்புறம் ஒரு முன்னங்கால் தரையை விட்டு எழும்பறது. கேட்டது கிடைக்காம ரெண்டு மூணு நிமிஷம் ஆனா ஒரு படி கீழ இறங்குங்க. அதுல வெட்கம் ஒண்ணும் இல்ல.

தம்பி இரவுப்பணி சொன்ன ராத்திரி முறை ஆய்வுக்கு நல்லது, நானும் செஞ்சிருக்கேன். நாற்பது எலியை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா உட்கார்ந்து ஷேப் பண்ண முடியாது. ஆனா இந்தப் பொண்ணுக்கு இது செய்முறைத் தாள். ராத்திரி விட்டிருந்தா எலி கத்துக்கிட்டிருக்கும். அந்த வீடியோவுல பார்த்ததை இவங்க பார்த்திருக்க மாட்டாங்க.

இரவுப்பணி
அதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் என் பக்கத்தையும் சொல்கிறேன். கையால் பழக்கினால் ஆளுக்கு ஆள் விரல் வேகம் மாறும், எலிக்கு எலி வரலாறு மாறும். பிறகு முடிவுகளில் ஒரு வித்தியாசம் வந்தால் அது நாம் சோதிக்கும் மருந்தாலா, பழக்கியவராலா என்று தெரியாது. இயந்திரம் எல்லா எலிக்கும் ஒரே மாதிரி.

ராஜபாளையத்தான்
நான் எலிக்காரன் இல்லை, நாய் வளர்ப்பவன். இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு கன்னி நாய்க்கு "உட்கார்" பழக்கினேன். உட்காரும், நான் பையில் கைவிட்டு பிஸ்கட் எடுப்பதற்குள் ஒரு குரைப்பு. ஒரு மாதத்தில் உட்கார்ந்தவுடன் குரைக்கும் நாயாகிவிட்டது. பக்கத்து வீட்டார் வந்து கேட்ட பிறகுதான் யோசித்தேன். கிளிக்கர் வாங்கியது அதற்குப் பிறகுதான். பின்பக்கம் தரையைத் தொடும் கணத்தில் கிளிக், பிஸ்கட் நிதானமாக வரட்டும். உங்கள் பெட்டியின் "டக்" சத்தமும் அதே வேலையைத்தான் செய்கிறது, இல்லையா?

கூண்டுக்காரன்
அதே வேலைதான் ஐயா. "டக்" சத்தத்துக்குத் தனியா மதிப்பு கிடையாது. தீனியோட சேர்ந்து சேர்ந்து வந்து, அதுவே ஒரு வலுவூட்டியாகிடுது. மேகசின் பயிற்சியே அதுக்குத்தான். தீனி வாய்க்குப் போக ரெண்டு நொடி ஆகலாம், சத்தம் அந்தக் கணத்தைக் குறிச்சுக் கொடுத்துடும்.

தான்சானியாவுல மொரோகோரோன்னு ஒரு ஊர். அங்க அபோபோங்கிற அமைப்பு பெரிய ஆப்பிரிக்கப் பை எலிகளைக் கிளிக்கர் வச்சுத்தான் கண்ணிவெடி மோப்பம் பிடிக்கப் பழக்குது. கிளிக், அப்புறம் வாழைப்பழம். மகாவான்னு ஒரு எலி கம்போடியாவுல 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடிச்சுது. 2020ல அதுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தாங்க. நம்ம பெட்டிக்குள்ள நடக்கிற அதே சங்கதிதான், ஆளுங்க தைரியமா நடக்கிற நிலத்துல முடியுது.

டெட்_இரண்டாம்தாள்
அண்ணா, இடையில் வருகிறேன், மன்னிக்கவும். டெட் தேர்வுக்குப் படிக்கிறேன். செயல்படு ஆக்கநிலையுறுத்தல் பாடத்தில் எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றுதானே? இரண்டிலும் மின் அதிர்ச்சி வருகிறது.

இரவுப்பணி
ஒன்றில்லை, தேர்வில் இதை மாற்றிப் போட்டு ஏமாற்றுவார்கள். நடத்தை கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. தரையில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, லீவரை அழுத்தினால் நிற்கிறது என்றால் அழுத்துவது கூடும். ஒன்றை எடுத்துவிடுவதால் கூடுவது எதிர்மறை வலுவூட்டல். லீவரை அழுத்தினால் அதிர்ச்சி வருகிறது என்றால் அழுத்துவது குறையும், அது தண்டனை. தலைவலிக்கு மாத்திரை போடும் பழக்கம் வலி போவதால்தான் வளர்கிறது. மாத்திரையை யாரும் தண்டனை என்பதில்லை அல்லவா?

உயிர்நேயம்
எல்லாரும் பெல்லட், படி, நொடி என்று பேசுகிறீர்கள். ஓர் உயிரைப் பட்டினி போட்டு இதைச் செய்கிறீர்கள் என்பதை யாரும் சொல்லவில்லையே. 312 கிராமில் இருந்து 281. ஒரு மாணவி மதிப்பெண் வாங்குவதற்காக. கணினியில் எலி மாதிரி நடந்துகொள்ளும் மென்பொருள் இருக்கிறது, ஸ்னிஃபி என்று பெயர். எத்தனையோ கல்லூரிகளில் அதை வைத்தே பாடம் நடத்துகிறார்கள். அது போதாதா?

நிலாமுற்றம்
இந்தக் கேள்வி முதல் நாளிலிருந்தே எனக்குள்ளும் இருக்கிறது, அதனால் கோபமில்லை. எங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்த பிறகுதான் எலிகள் வந்தன. எடை எண்பத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. தினமும் காலையில் நிறுத்துப் பார்க்கிறேன். தண்ணீர் எப்போதும் இருக்கும். நூறு பெல்லட் கொடுத்தாலும் வெறும் நாலரை கிராம்தான், அதற்கு மேல் அன்றாடத் தீனி தனியாக. ஆனாலும் சாயங்காலம் கூண்டைத் திறக்கும்போது அது கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

இரவுப்பணி
உயிர்நேயம், உங்கள் கேள்வி நியாயமானது, இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். தட்டு நிறையத் தீனியோடு நாள் முழுக்கக் கூண்டில் இருக்கும் எலி கொழுத்துப்போகும், ஆயுளும் குறையும். அளவோடு தின்னும் எலி அதைவிடத் திடமாக இருக்கும். அதனால் எடை குறைந்தாலே கொடுமை என்று சொல்லிவிட முடியாது, எவ்வளவு, எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, எடையைக் குறைக்காமல் சர்க்கரைத் தண்ணீரோ இனிப்புப் பாலோ வைத்தும் பழக்கலாம். கொஞ்சம் கூடுதல் நாளாகும். வெறும் செய்முறைத் தாளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். இதில் நான் உங்கள் பக்கம்.

உயிர்நேயம்
சர்க்கரைத் தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் ஒரு மென்பொருள் போதுமான இடத்தில் உயிர் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

கூண்டுக்காரன்
மாற வேண்டாம் சார். ஒன்று மட்டும் சொல்றேன், மென்பொருள் எலி இந்தப் பொண்ணுக்குத் தலையைத் திருப்பிக் காட்டியிருக்காது.

நிலாமுற்றம்
பதினேழாம் நாள். அழுத்திவிட்டது!

முன்னங்கால் எழும்பும் படியில் நேற்று முழுக்க நின்றுவிட்டது. இன்று லீவருக்கு மேலே சுவரை மோந்துகொண்டே போய், வலது காலைச் சுவரில் வைத்து, இடது காலை லீவர் மேல் ஊன்றியது. உடல் பாரம் இறங்கி லீவர் கீழே போனது. "டக்". மீசை ஒரு கணம் அசையாமல் நின்றது, அப்புறம் தட்டுக்கு ஓடியது. தின்றுவிட்டு முகம் கழுவிக்கொண்டது. ஒன்றரை நிமிடம் வேறு எங்கெங்கோ சுற்றிவிட்டு மறுபடி வந்து அதே இடது கால். அதன் பிறகு இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் நாற்பத்தொரு தடவை. நான் சுவிட்சைக் கீழே வைத்துவிட்டேன், என் வேலை முடிந்துவிட்டது.

ஒரு சந்தேகம்: சில சமயம் காலால் அழுத்தாமல் பல்லால் கடித்து இழுக்கிறது. விடலாமா?

கூண்டுக்காரன்
ரொம்ப சந்தோஷம்மா! விடலாம். சுவிட்சு மூடினா அது அழுத்தம்தான், காலா, பல்லா, மூக்கான்னு பெட்டி பார்க்காது. லீவர்ல யாராவது பீனட் பட்டர் தடவினாங்களா? தடவினா இப்படித்தான் கடிக்கும்.

நிலாமுற்றம்
ஆமாம் அண்ணா, ஒன்பதாம் நாள் ஒரு தோழி தடவிப் பார்த்தாள். துடைத்துவிட்டோம்.

அடுத்த வாரம், லீவரை அழுத்தினாலும் பெல்லட் விழாமல் நிறுத்திப் பார்க்கும் கட்டம். எப்படி இருக்கும் என்று முன்னாலேயே சொல்லி வைத்தால் நல்லது.

இரவுப்பணி
முதலில் குறையாது, கூடும். அழுத்தம் பலமாகும், கடிக்கும், தட்டை நோண்டும். பணம் வராத ஏடிஎம்மின் பொத்தானை நாம் திரும்பத் திரும்பக் குத்துகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் சரியும். மறுநாள் பெட்டியில் விட்டால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி அழுத்தும், பயந்துவிடாதீர்கள். அது தன்னியல்பாக மீள்வது, வழக்கமானதுதான்.

கூண்டுக்காரன்
இந்தப் பெட்டியை உருவாக்கின ஸ்கின்னர் இதைக் கண்டுபிடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1930களோட தொடக்கம், ஹார்வர்டு. எலியை ஓட விட்டுட்டு அவர் வெளிய போயிருக்கார். பெல்லட் இயந்திரம் சிக்கிக்கிச்சு. திரும்பி வந்து பார்த்தா, தீனி இல்லாமலேயே எலி அழுத்தி அழுத்தி மெல்ல ஓய்ஞ்சதோட கோடு தாள்ல அழகா வளைஞ்சு விழுந்திருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம், சொல்லிக்க ஆய்வுக்கூடத்துல ஒருத்தரும் இல்ல. அந்த வாரக் கடைசி முழுக்க, தான் செத்துப்போனா இந்தக் கண்டுபிடிப்பும் போயிடும்னு சாலையைப் பார்த்துப் பார்த்துக் கடந்தாராம்.

பெல்லட்டும் அப்ப கடையில வாங்கறதில்ல, மருந்துக்கடை மாத்திரை அச்சுல அவரே உருட்டணும். ஒரு சனிக்கிழமை பார்த்தா இருப்பு திங்கள் காலையோட தீர்ந்துடும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எதுக்குக் கொடுக்கணும், நிமிஷத்துக்கு ஒண்ணு போதுமேன்னு விட்டிருக்கார். எலி நிக்கல, ஒரே சீரா அழுத்துது. அவ்வப்போதைய வலுவூட்டல்ங்கிற பெரிய இயலே அங்க இருந்துதான் கிளம்புச்சு. சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டரும் அவரும் சேர்ந்து 1957ல அதுக்குன்னே ஒரு தடிப் புத்தகம் போட்டாங்க.

டெட்_இரண்டாம்தாள்
பலனை எப்போதெல்லாம் கொடுப்பது என்கிற நான்கு வலுவூட்டல் அட்டவணையும் எனக்குக் குழப்பம் அண்ணா. ஒரு வரியில் சொல்ல முடியுமா?

கூண்டுக்காரன்
ஒரு வரியில முடியாது தம்பி, நாலு காட்சியா வச்சுக்கோங்க. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி, அது நிலையான விகிதம். ஒரு கட்டு முடிச்சதும் கொஞ்சம் கை ஓயும், அப்புறம் வேகமா ஓடும். எலியும் அப்படித்தான். தூண்டில் போடறவருக்கு எந்த வீச்சுல மீன் வரும்னு தெரியாது, அது மாறும் விகிதம். இதுலதான் வேகமும் அதிகம், விடறதும் கஷ்டம். லாட்டரி ஏன் குடும்பங்களைத் தின்னுச்சுன்னு அப்பப் புரியும். பருவத் தேர்வு நெருங்க நெருங்கப் படிப்பு சூடு பிடிக்குதே, அது ஏறக்குறைய நிலையான இடைவெளி. வரைபடத்துல கிண்ணம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வரும். எப்ப வரும்னு தெரியாத பதிலுக்காக அப்பப்ப போனை எடுத்துப் பார்க்கிறது மாறும் இடைவெளி. நிதானமா, ஒரே சீரா.

நிலாமுற்றம்
தீனி நிறுத்தி முதல் நாள் இன்று. இரவுப்பணி சொன்னபடியே நடந்தது: முதல் நாலு நிமிடம் வெறித்தனம், லீவரைக் கடித்து ஆட்டியது, தட்டைச் சுரண்டியது. பதினோராம் நிமிடத்திலிருந்து சரிவு.

ஆனால் நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று நடந்தது. பதினான்காம் நிமிடம், லீவர் பக்கம் போனது. மோந்தது. தலையை இடது பக்கம் திருப்பியது. தட்டைப் பார்த்தது. மறுபடி மோந்தது, திருப்பியது. ஷேப்பிங்கை முதலிலிருந்து தொடங்கிய பிறகு ஐந்து நாளாக நான் பார்க்கவே பார்க்காத அந்தத் திருப்பல். இருபது நிமிடத்தில் பதினான்கு தடவை எண்ணினேன்.

இரவுப்பணி
இது அருமை! புதிய நடத்தைக்குப் பலன் நின்றதும், முன்பு பலன் கொடுத்த பழைய நடத்தை மேலே வருவது. இதை ஆங்கிலத்தில் ரிசர்ஜென்ஸ் என்பார்கள். இதற்காகவே தனியாக ஆய்வு வடிவமைப்பவர்கள் உண்டு. உங்களுக்கு ஒரு தாமத விரலால் கிடைத்திருக்கிறது. நிமிடவாரியாக எண்ணிக்கை வைத்திருக்கிறீர்களா?

நிலாமுற்றம்
வைத்திருக்கிறேன், வீடியோவும் இருக்கிறது. மற்ற மூன்று எலிகளிடமும் தலை திருப்பல் வருகிறதா என்று நாளை எண்ணப் போகிறேன், அவற்றுக்கு அது பழக்கப்படவே இல்லையே.

கூண்டுக்காரன்
எண்ணுங்க. எந்த எலின்னு தெரியாத வேற ஒருத்தரை வச்சும் எண்ண வைங்க. நாளைக்கு ராத்திரி முழிச்சிருப்பேன், இங்க போடுங்க.